பெயரிலிருந்து தொடங்குங்கள்: பள்ளியில் கற்பிப்பவருக்கும் தலைமை தாங்குபவருக்கும் டர்பனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் நான்கு வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, 1996இல் கல்யாணமாகி டர்பனுக்கு வந்தேன். என் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு பிரம்பு இருந்தது என்று மாமியார் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். பிரம்பு இல்லை, மர ஸ்கேல். ஆனால் இரண்டுக்கும் நான் வைத்திருந்த உபயோகம் ஒன்றுதான். அதே வருஷக் கடைசியில் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் வந்தது. 1996ஆம் ஆண்டின் 84ஆம் எண் சட்டம். அதன் 10ஆம் பிரிவு, பள்ளியில் யாரும் எந்தப் பிள்ளையையும் அடிக்கக் கூடாது, அடித்தால் தாக்குதல் குற்றத்துக்கு உண்டான தண்டனை என்று சொன்னது. வந்த ஊரில் என் கையில் இருந்த ஒரே ஆயுதமும் போயிற்று.

அப்புறம் இருபத்தைந்து வருஷம், டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த் பக்கம் வேலை. ஓய்வு பெறும்போது துணைத் தலைமையாசிரியை. இப்போது ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அங்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் இளம் ஆசிரியர்கள், "மேம், நாற்பது பிள்ளைகள், எனக்கு அவர்கள் மொழி தெரியாது, எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். துறைத்தலைவராகப் பதவி உயர்வு வாங்கியவர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள்: "நேற்று வரை பக்கத்து நாற்காலியில் இருந்தவரை இன்று எப்படி வேலை வாங்குவது?" இரண்டுக்கும் என்னிடம் பதில் ஒன்றுதான். எல்லா ஆசிரியர் மனதிலும் இரக்கம் இருக்கிறது. நேர அட்டவணையில்தான் அதற்கு இடம் இல்லை. இடம் ஒதுக்குவது எப்படி என்பதைப் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் மாதிரி இந்தியப் பகுதிப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர்கள் நாயுடு, பிள்ளை, சிங் என்றிருப்பார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் சூலு பேசும் வீடுகளிலிருந்து வருவார்கள். அந்தச் சூழலை வைத்துத்தான் பேசுகிறேன். உங்கள் ஊர் வேறாக இருந்தால் தைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதல் படி: பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

இங்கே பள்ளி வருஷம் ஜனவரியில் தொடங்கும். வகுப்புப் பட்டியல் கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய் வாய்விட்டுப் படியுங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. கோடு விழுந்த பெயர்கள்தான் உங்கள் முதல் வார வீட்டுப்பாடம்.

சூலு பெயர்களில் நம்மைப் பயமுறுத்துவது சொடுக்கொலிகள். மூன்றே மூன்று. ஆங்கில எழுத்தில் சி, கியூ, எக்ஸ் என்று எழுதுவார்கள். சி என்பது நாம் யாருக்காவது இரக்கப்பட்டு உச்சுக் கொட்டுகிறோமே, அந்தச் சத்தமேதான். நாக்கு நுனி முன்பல்லுக்குப் பின்னால் பட்டுப் பிரியும். எக்ஸ், வண்டிக்காரர் மாட்டை முடுக்கக் கடைவாயில் எழுப்பும் சத்தம். கியூ, குழந்தைக்குக் குதிரைக் குளம்பொலி செய்து காட்டும்போது நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று இழுப்போம் இல்லையா, அந்த 'டொக்'. ஆக, திருநெல்வேலிக்காரிக்கு மூன்றும் ஏற்கெனவே தெரியும். ஒரு சொல்லுக்கு நடுவில் வைத்துப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

என் முதல் வகுப்பில் ஒரு பெண்ணின் பெயரில் அந்த 'டொக்' இருந்தது. "வென்றாயிற்று" என்று பொருள் வரும் அழகான பெயர். நான் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டு 'நோபில்' என்று கூப்பிட்டேன். ஒரு டெர்ம் முழுக்க அவள் "யெஸ் மேம்" என்றாள். இரண்டாவது டெர்மில் அவள் தோழிதான் வந்து, "மேம், அது அவள் பெயர் இல்லை" என்றாள். ஏன் நீயே சொல்லவில்லை என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "எல்லா மேமும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்கு உறைத்தது.

நமக்கும் இது நடந்திருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டிரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதில் தொடங்கிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஒவ்வொருவர் பெயரும் யாரோ ஒரு குமாஸ்தாவின் காதுக்குக் கேட்டபடி பதிவேட்டில் ஏறியது. முதலியார் மூட்லி ஆனார். கவுண்டர் கவெண்டர் ஆனார். முனிசாமியை மன்சாமி என்றார்கள். என் கணவர் குடும்பமும் மூட்லிதான். நான்கு தலைமுறையாக அந்தத் தப்பை வீட்டு வாசலில் பலகை போட்டு மாட்டியிருக்கிறோம். மண்டேலாவின் கதையும் இதே வகை. ரோலிஹ்லாஹ்லா என்று அப்பா வைத்த பெயரோடு குனு கிராமத்துப் பள்ளிக்குப் போன பையனுக்கு, முதல் நாளே டீச்சர் நெல்சன் என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்து வழக்கம் அது.

செய்ய வேண்டியது இதுதான். தவறாகச் சொன்னால் பிள்ளையிடமே "இன்னொரு தடவை சொல்லு" என்று கேளுங்கள், வகுப்பு சிரித்தால் சிரிக்கட்டும், சிரிப்பு உங்கள் பேரில்தான் விழுகிறது. "கூப்பிட வசதியாகச் சின்னப் பெயர் ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பெயருக்கு அர்த்தம் என்ன, யார் வைத்தது என்று கேட்டால் இரண்டு நிமிஷத்தில் அந்த வீட்டைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

இரண்டாவது படி: காலையில் கேட்டில் நில்லுங்கள்

தலைமையாசிரியர் என்றால் தினமும், ஆசிரியர் என்றால் வாரத்துக்கு ஒரு நாளாவது, மணியடிக்க இருபது நிமிஷம் முன்பு கேட்டில். கையில் போன் வேண்டாம், நோட்டு வேண்டாம். "சாவுபோனா" என்று வணக்கம் சொல்லுங்கள். சூலுவில் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் "உன்னைப் பார்க்கிறோம்". பலரைச் சேர்த்துச் சொன்னால் "சானிபோனானி". பிள்ளை "யெபோ" என்று பதில் சொல்லும். இந்த மூன்று சொல்லைக் கற்க ஒரு காலைப்பொழுது போதும். நான் வந்து மூன்று வருஷம் கழித்துத்தான் கற்றேன் என்பது வேறு விஷயம்.

கேட்டில் நின்றால் மதிப்பெண் பட்டியலில் வராதது எல்லாம் தெரியும். யார் மினிபஸ் டாக்ஸியில் வருகிறார்கள், யார் தம்பியைப் பக்கத்துப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடி வருகிறார்கள், யாருக்கு ஷூ ஒரு சைஸ் பெரிது. மணியடித்ததும் கேட்டைப் பூட்டித் தாமதமாக வருபவர்களைச் சாலையில் நிறுத்தும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். பெயரை எழுதிக்கொண்டு உள்ளே விடுங்கள். ஒரே பெயர் வாரத்தில் மூன்று தடவை வந்தால், "ஏன் லேட்?" என்பதற்குப் பதிலாக, "காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய், அப்புறம் என்ன செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குப் பிள்ளைகள் "சாரி" என்பார்கள். இரண்டாவதற்குத்தான் கதை வரும்.

ஒரு பிப்ரவரி மாதம். டர்பன் பிப்ரவரி என்றால் நம்மூர்ச் சித்திரை மாதிரி, கூடவே கடற்காற்றின் புழுக்கம். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் பிளேஸரைக் கழற்றவே மாட்டாள். நெற்றியில் வேர்வை ஓடிக்கொண்டிருக்கும். "கழற்று" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். எனக்கு அது திமிராகப் பட்டது. வகுப்பு முன்னால் எழுப்பி நிறுத்தி, கழற்றினால்தான் உட்காரலாம் என்றேன். ஒரு பீரியட் முழுக்க நின்றாள். மணியடித்ததும் மற்றவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, பிளேஸரின் ஒரு பக்கத்தை இரண்டு விரலால் கொஞ்சமே விலக்கிக் காட்டினாள். சட்டைக்குக் காலர் இருந்தது, முன்பக்கம் இருந்தது. இரண்டு கையும் தோளோடு கிழிந்து போய், ஊக்கு குத்தியிருந்தது. பிளேஸர் பக்கத்து வீட்டு அக்காவுடையது.

அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. மறுநாள் சொன்னேன். ஒரு நாள் தாமதம் அதிலும் இருக்கிறது.

ஆகவே என் விதி: ஒரு பிள்ளை சொன்னதைச் செய்யவில்லை என்றால், காரணத்தை வகுப்பு முன்னால் கேட்காதீர்கள். "மணியடித்ததும் என்னைப் பார்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். பத்தில் ஒன்பது தடவை காரணம் அற்பமாக இருக்கும். அந்தப் பத்தாவதுக்காகத்தான் இந்த விதி.

மூன்றாவது படி: அடிக்குப் பதிலாக என்ன?

சட்டம் வந்தும் வழக்கம் உடனே போகவில்லை. எங்கள் மதம் அடிக்கச் சொல்கிறது என்று சில கிறிஸ்தவப் பள்ளிகள் சேர்ந்து வழக்குப் போட்டன. 2000இல் அரசியல் சாசன நீதிமன்றம் முடியாது என்றது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆல்பி சாக்ஸ், 1988இல் மொசாம்பிக்கின் மபூட்டோவில் காரில் வைத்த குண்டில் ஒரு கையை இழந்தவர். அடி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

கையைக் கட்டியாயிற்று, நாக்கு? தமிழ் டீச்சர்களின் நாக்கு தனி ரகம். பாளையங்கோட்டையில் என் ஆயுதம் "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பது. இங்கே வந்தும் ஒரு பையனிடம் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. பாட்டி வீட்டில் பதினான்கு மாடு இருப்பதாகவும், விடுமுறைக்குப் போனால் அவன்தான் மேய்ப்பதாகவும், தலைமாட்டுக்குப் பெயர் வைத்ததே அவன்தான் என்றும் சொல்லி, கையால் கொம்பின் வளைவைக் காட்டினான். சூலுக்களுக்கு மாடு என்பது செல்வம், கல்யாணத்துக்குப் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் சீர், முன்னோரோடு உள்ள உறவு. நான் வசவு என்று நினைத்தது அவன் காதில் பாராட்டாக விழுந்தது. வகுப்பே கொம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அன்றைக்குப் பின்னங்கள் போயே போயிற்று.

சரி, அடிக்காமல், திட்டாமல் என்னதான் செய்வது? சண்டை, திருட்டு, கேலி எதுவானாலும் எனக்குப் பலன் தந்த வரிசை இது. முதலில் இருவரையும் பிரித்துப் பத்து நிமிஷம் தனித்தனியாக உட்காரவையுங்கள், தண்ணீர் கொடுங்கள். கொதிக்கும்போது கேட்டால் உண்மை வராது. அப்புறம் ஒவ்வொருவரிடமும் தனியாக மூன்று கேள்வி: என்ன நடந்தது? இதில் யாருக்கு வலித்தது? சரிசெய்ய நீ என்ன செய்வாய்? மூன்றாவது கேள்விக்குப் பதில் பிள்ளையிடமிருந்தே வர வேண்டும். நாம் எடுத்துக் கொடுத்தால் அது இன்னொரு தண்டனையாகிவிடும். ஜன்னல் கண்ணாடி உடைத்தவன், "கண்ணாடி போடுகிறவர் வரும்போது நான் கூட இருந்து பிடித்துக்கொள்கிறேன்" என்றான். பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் அந்த ஜன்னலுக்கு அவன்தான் காவல்.

இது நேரம் தின்னும். ஸ்கேலுக்கு அரை நிமிஷம், இதற்கு நாற்பது நிமிஷம். அதனால்தான் தலைமையில் இருப்பவர் இதற்காக ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு காலிப் பீரியட் ஒதுக்கியே ஆக வேண்டும். "அன்பாகக் கையாளுங்கள்" என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான்காவது படி: பணமும் பசியும்

இதில் உணர்ச்சியை விடச் சட்டம் தெரிவது முக்கியம். கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளியில், கட்ட முடியாது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. பாக்கி இருக்கிறது என்று பிள்ளையை விளையாட்டு, சுற்றுலா, பள்ளியின் வேறு எந்த நிகழ்ச்சியிலிருந்தும் ஒதுக்கக் கூடாது. ரிப்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. பெற்றோரின் வருமானத்தில் கட்டணம் எத்தனை சதவீதம் என்று பார்த்து முழு விலக்கோ ஒரு பகுதி விலக்கோ தர வேண்டும். குழந்தைக்காக அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு முழு விலக்கே உண்டு. பள்ளி நிர்வாகக் குழு மறுத்தால் மாகாணக் கல்வித்துறைத் தலைவரிடம் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இது எல்லாம் எழுத்தில் இருக்கிறது, பாட்டிமாருக்குத்தான் தெரிவதில்லை. ஆகவே விலக்குப் படிவத்தைச் சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்தே, எல்லோருக்கும் கொடுங்கள். வேண்டியவர் கேட்டு வாங்கட்டும் என்று வைத்தால் மானமுள்ளவர் கேட்க மாட்டார். அலுவலகத்தில் இரண்டு நாற்காலி போட்டு, நிரப்பத் தெரிந்த ஒருவரை ஜனவரி முதல் இரண்டு வாரம் உட்காரவையுங்கள். கட்டணப் பாக்கிக் கடிதத்தைப் பிள்ளையின் கையில், வகுப்பில் வைத்து, ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஆசிரியர் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பெயர் பெயராக வாசித்து நீட்டும் அந்தக் காட்சியை நான் ஒரு பள்ளியில் பார்த்திருக்கிறேன். வாங்காத பிள்ளைகள் வாங்கும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பசிக்கு, 1994இல் மண்டேலா அரசு தொடங்கிய பள்ளி உணவுத் திட்டம் இருக்கிறது. ஏழைப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட, கட்டணமில்லாத பள்ளிகளுக்குத்தான் அது முதலில் போகும். பழைய இந்தியப் பகுதிப் பள்ளிகள் பல, சுற்றுவட்டாரத்தை வைத்து வசதியானவை என்ற பட்டியலில் இருக்கின்றன. பிள்ளைகளோ குன்றின் மறுபக்கத் தகர வீடுகளிலிருந்து வருகிறார்கள். அப்படிப்பட்ட பள்ளியில் நாங்கள் செய்தது: முதல் இடைவேளையில் ரொட்டியும் பீன்ஸ் கறியும், எந்தப் பிள்ளை வந்தாலும். பட்டியல் கிடையாது, டோக்கன் கிடையாது. முதல் வாரம் வசதியான பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள், நிற்கட்டும் என்று விட்டோம். அவர்கள் நின்றதால்தான் பசித்தவர்களும் கூச்சமில்லாமல் நின்றார்கள். சீருடை அலமாரியும் அப்படியே: பழைய சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்து, 'காணாமல் போனவை' என்று எழுதி வைத்தோம். வேண்டியவர்கள் தங்கள் சட்டையைத் தேடுவது போல வந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது படி: மூக்குத்தியும் ஆட்டுத்தோல் வளையமும்

2004இல் டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவி விடுமுறை முடிந்து மூக்குத்தியோடு வந்தாள். தென்னிந்தியத் தமிழ்க் குடும்பம். பெண் பெரியவளானால் மூக்குக் குத்துவது அவர்கள் வழக்கம். பள்ளி விதியில் மூக்குத்திக்கு இடமில்லை. வழக்கு படிப்படியாக ஏறி அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், 2007இல் தீர்ப்பு வந்தது: விதிவிலக்கு தராதது நியாயமற்ற பாகுபாடு. தலைமை நீதிபதி பியஸ் லங்கா எழுதிய தீர்ப்பு. அதற்குள் அந்தப் பெண் பள்ளியை விட்டே போயிருந்தாள்.

எங்கள் தெருவில் அன்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அதே வாரத்தில், எங்கள் பள்ளியில் ஒரு பையன் மணிக்கட்டில் ஆட்டுத்தோல் வளையத்தோடு வந்தான். இசிபாண்ட்லா என்பார்கள். முன்னோருக்கு ஆடு வெட்டிச் செய்யும் சடங்குக்குப் பிறகு அணிவது. தானாகக் காய்ந்து விழும் வரை கழற்றக் கூடாது. வாடை வரும்தான். ஸ்டாஃப் ரூமில் "வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்" என்று முதலில் சொன்னவர், மூக்குத்தித் தீர்ப்புக்கு லட்டு கொண்டுவந்த அதே ஆசிரியைதான். நான் ஒன்றும் சொல்லவில்லை, லட்டு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அவரே சிரித்துவிட்டார்.

நடைமுறைக்கு வருவோம். பள்ளி ஒழுங்கு விதிகளில், "மதம், பண்பாடு காரணமாக விதிவிலக்கு கேட்கலாம்" என்று ஒரு பத்தியைச் சேருங்கள். கேட்பவர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்கட்டும், பிள்ளையை ஆஜராக்காதீர்கள். ஒரு வாரத்தில் எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வரும் வரை பிள்ளை அணிந்திருப்பதை அணிந்தபடி வகுப்பில் இருக்கட்டும். காவடிக்கு விரதம் இருக்கும் பிள்ளை காலில் செருப்பில்லாமல் வந்தாலும் இதே நடைமுறைதான்.

ஆறாவது படி: தலைமை நாற்காலியில் இருப்பவருக்கு

வாரத்தில் இரண்டு பீரியடாவது நீங்களே பாடம் எடுங்கள். மதிய வெயிலில் கடைசிப் பீரியட் ஒன்பதாம் வகுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. ஆசிரியர் சொல்லும் கஷ்டம் அப்போதுதான் உங்களுக்குப் புகாராகக் கேட்காது.

ஆசிரியர் தப்புச் செய்தால் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் தப்புச் செய்தால் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். நான் ஒரு தடவை தேர்வு அட்டவணையைக் குழப்பி, இரண்டு வகுப்புக்கு ஒரே அறையைப் போட்டுவிட்டேன். மறுநாள் காலைக் கூட்டத்தில், "தப்பு என்னுடையது, நேற்று உங்கள் அரை நாள் வீணானது" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். காரணம் அடுக்கவில்லை. காரணம் சேர்த்தால் மன்னிப்பு நீர்த்துப் போகும், மோரில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி.

ஒருவர் வீட்டில் சாவு, நோய் என்றால் விடுப்பு விண்ணப்பம் பற்றிப் பேசுவதற்கு முன், அவர் வகுப்புகளை யார் யார் எடுக்கிறார்கள் என்று எழுதி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் முதலில் இருக்கட்டும். கூட்டுபவர், தோட்டக்காரர், கேட் காவலாளி பெயர்களும் ஊழியர் பிறந்தநாள் பட்டியலில் வரட்டும். எந்தப் பையன் பள்ளிக்குப் பின்னால் யாரோடு சுற்றுகிறான் என்று எங்கள் பள்ளியில் முதலில் அறிந்தவர் கேட் காவலாளிதான். அவரிடம் யாரும் கேட்டதில்லை என்பதால் அவரும் சொன்னதில்லை.

ஏழாவது படி: பெற்றோரை வரவழைப்பது

"இந்தப் பெற்றோர் எதற்கும் வர மாட்டார்கள்" என்று ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி கேட்பேன். இந்த ஊரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியதே பெற்றோர்தான். வெள்ளை அரசு பாதிப் பணம்தான் தந்தது, மீதியைச் சமூகமே காசு சேர்த்துக் கட்டிய உதவிபெறும் பள்ளிகள் நட்டாலெங்கும் உண்டு. 1929இல் திறந்த சாஸ்திரி கல்லூரி என்ற உயர்நிலைப் பள்ளிக்கும் சமூகத்தின் பணம்தான். அதற்குப் பெயர் தந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி, இந்தியாவின் முதல் பிரதிநிதியாக இங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பு திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்தவர். கூலி வேலை செய்து செங்கல்லுக்குப் பணம் தந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று கூலி வேலை செய்பவர்களைப் பார்த்து அக்கறை இல்லை என்கிறோம்.

வேலைநாள் மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? சனிக்கிழமை காலை வையுங்கள். அழைப்பு சூலுவிலும் ஆங்கிலத்திலும். மொழிபெயர்க்க ஓர் ஆசிரியரையோ பெரியவரையோ வையுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய புகாரைத் தானே பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள் (மொழிபெயர்ப்பு எந்த அழகில் இருக்கும் என்பதையும்). மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் அவர்கள் என்று உட்காராதீர்கள். நாற்காலியைத் திருப்பிப் பக்கத்தில் போடுங்கள். வயதான பெண்மணியை "கோகோ" என்று கூப்பிடலாம், பாட்டி என்று பொருள். கூப்பிடும் முன் எழுந்து நில்லுங்கள்.

வாரத்துக்கு மூன்று நல்ல செய்தி போன். "உங்கள் பேத்தி இன்று கரும்பலகையில் கணக்குப் போட்டாள்" என்பது போதும். முதல் தடவை பள்ளியிலிருந்து போன் என்றதும் எதிர்முனையில் மூச்சு நின்றுவிடும். "என்ன செய்தாள்?" என்றுதான் கேட்பார்கள்.

எட்டாவது படி: ஊர் எரிந்த பிறகு

2021 ஜூலைக் கலவரத்தில் எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் கடைகள் சூறையாடப்பட்டன, கிடங்குகள் எரிந்தன. ஃபீனிக்ஸில் குடியிருப்பவர்கள் தடுப்பு வைத்துக் காவல் நின்ற தெருக்களில் உயிர்கள் போயின. இந்தியரும் சூலுக்களும் ஒருவரையொருவர் பார்த்து ஒதுங்கிய வாரங்கள் அவை. பள்ளி மறுபடி திறந்தபோது மேஜைக்கு இந்தப் பக்கம் மூட்லி, அந்தப் பக்கம் நாற்பது சூலு பிள்ளைகள்.

முதல் நாள் பாடம் எடுக்கவில்லை. தப்பு யார் பேரில் என்றும் பேசவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், பெயர் எழுத வேண்டாம், அந்த வாரம் ராத்திரி எங்கே தூங்கினீர்கள் என்று மட்டும் எழுதச் சொன்னோம். ஆசிரியர்களும் எழுதினோம். தாள்களைக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தோம். கட்டிலுக்கு அடியில். காரில். அத்தை வீட்டில் ஒன்பது பேரோடு. தூங்கவில்லை. எது ஆசிரியருடையது, எது பிள்ளையுடையது என்று பாதித் தாள்களில் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த ஏப்ரலில் வெள்ளம் வந்து வீடுகளும் பள்ளிகளும் போனபோதும் இதையே செய்தோம். பிள்ளை பேச மறுத்தால் விட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுங்கள்.

ஒன்பதாவது படி: உங்களால் ஆகாததை ஒப்படையுங்கள்

பிள்ளை உங்களிடம் ஒன்றைச் சொல்லத் தொடங்கும்போது "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். அடி, பாலியல் கொடுமை, வேண்டுமென்றே பட்டினி போடுவது இவை நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால், 2005ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவுப்படி ஆசிரியர் சமூக நலத்துறைக்கோ, பதிவு பெற்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ, போலீஸுக்கோ சொல்லியே ஆக வேண்டும். 22ஆம் எண் படிவம். ஒரு பிரதி உங்கள் மேஜையில் எப்போதும் இருக்கட்டும். குழந்தைகள் உதவி எண் 116. நீங்களே விசாரணை நடத்தாதீர்கள், வீட்டுக்குப் போய் நியாயம் கேட்காதீர்கள். பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே, அன்றே, தேதி போட்டு எழுதிவையுங்கள். "இதை உதவி செய்யக்கூடியவரிடம் நான் சொல்ல வேண்டும், சொல்லும்போது நான் கூட இருப்பேன்" என்று சொல்லுங்கள், இருங்கள்.

பத்தாவது படி: டெர்ம் முடிவில் ஒரு தாள்

விடுமுறைக்கு முந்தின நாள் வகுப்புப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, மதிப்பெண்ணோ நடத்தையோ இல்லாத ஒரு விஷயம் எழுதுங்கள். நாய்க்கு என்ன பெயர், எதைக் கண்டால் பயம், யார் தலை பின்னிவிடுகிறார்கள், ஏதாவது ஒன்று. யாரிடமும் காட்ட வேண்டாம், ஏமாற்றவும் வேண்டாம். நான் முதல் தடவை எழுதியபோது 38 பேரில் 17 பேருக்கு எதிரே ஒன்றும் இல்லை. சத்தம் போடாத, நன்றாகவும் படிக்காத, மோசமாகவும் படிக்காத நடு வரிசைப் பிள்ளைகள்தான் அந்த 17 பேரில் பெரும்பாலோர். அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, அடுத்த டெர்ம் முதல் திங்கட்கிழமை கேட்டில் நின்று, அதில் முதல் மூன்று பெயர்களைத் தேடினேன்.